சிவப்புக் கோடு போட்ட வண்டிகள்

ஜனவரி 9

தம்பிக்கு,

போன்ல பேசினா நான் கத்துவேன், நீ "மீட்டிங்ல இருக்கேன்க்கா"ன்னு வெச்சிடுவே. போன வாரம் முழுக்க அதுதான் நடந்தது. அதனால எழுதுறேன். கிழிச்சுப் போடறதா இருந்தாலும் படிச்சிட்டுத்தான் கிழிப்பே, உன்னை எனக்குத் தெரியும்.

மாசக் கடைசியில உங்க கம்பெனி பைக்கை ஏத்திக்கிட்டு மறுபடியும் லாரி வந்தது. நான் ஆர்டர் போடல. "நான் கேக்கவே இல்லையேப்பா"ன்னேன். "இறக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்கம்மா, திருப்பி எடுத்துட்டுப் போனா என் வாடகையைப் பிடிச்சிடுவாங்க"ன்னான் டிரைவர். அவன் மூஞ்சியைப் பார்த்தா என் மூஞ்சியை விட மோசமா இருந்தது. இறக்கிக்கிட்டேன். எடுக்கலைன்னா வர வேண்டிய கமிஷனை நிறுத்திடுவோம்னு உங்க ஆபீஸ்ல இருந்து முன்னாடியே மிரட்டி வெச்சிருக்காங்க.

ஷோரூம் நிறைஞ்சாச்சு. ஒர்க்‌ஷாப் நிறைஞ்சாச்சு. இப்ப வீட்டு ஹால்லயும் ரெண்டு வண்டி நிக்குது. உங்க மாமா அது மேல ஏறி உக்காந்துதான் டிவி பார்க்கிறார். விளம்பரத்துல வர்ற மாதிரி இருக்கீங்கன்னேன். சிரிக்கல மனுஷன். முன்னாடியெல்லாம் சிரிப்பார்.

ஜனங்க கண்ணாடி வழியா பார்க்கிறாங்க, போயிடறாங்க. உள்ளே வர்ற ஒண்ணு ரெண்டு பேரும் விலையைக் கேக்கல. "இந்தக் கம்பெனி அடுத்த வருஷம் இருக்குமா? பார்ட்ஸ் கிடைக்குமா?"ன்னு கேக்கிறாங்க. கடன் கொடுக்கிறவங்களும் உங்க வண்டின்னா கையை விரிச்சிடறாங்க. நின்னு நின்னே டயர்ல காத்து இறங்குது. காலையில துடைக்கிறேன், சாயந்திரம் மறுபடி தூசு. விற்பனைக்கு இருந்த ரெண்டு பேரும் எதிர்த்தெருக் கடைக்குப் போயிட்டாங்க. லைட்டைப் பாதி அணைச்சு வெச்சிருக்கேன்.

பேங்க்ல இருந்து ஒருத்தன் வந்து ஒவ்வொரு வண்டியா தொட்டுத் தொட்டு எண்ணிட்டுப் போனான். ஸ்டாக் மேல வாங்கின கடனுக்கு வீட்டுப் பத்திரம் அவங்ககிட்ட இருக்குன்னு உனக்கே தெரியும்.

இந்த ஏஜென்சியை எடுக்கச் சொன்னப்போ வாய் வலிக்கப் பேசினியே, இப்பவும் கொஞ்சம் பேசு. விற்பனைப் பிரிவுல யாரையாவது பிடிச்சு, பாதி வண்டியையாவது திருப்பி எடுத்துக்கச் சொல்லு. உன் கம்பெனிதானே அது?

அக்கா


ஜனவரி 20

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. போனை வைத்ததற்குக் கோபப்படாதே. இங்கே பக்கத்தில் யார் நிற்கிறார்கள், யார் எதை யாரிடம் சொல்வார்கள் என்று எதுவும் தெரியாத நிலைமை.

விற்பனைப் பிரிவுக்குப் போய்ப் பார்த்தேன். நாலு மேசை காலி. திருப்பி எடுக்க அதிகாரம் உள்ளவர் ராஜினாமா செய்துவிட்டார். மிச்சம் இருக்கிற ஒரு பெண்ணும், "உங்க அக்காவுக்குன்னு தனியா என்ன பண்ண முடியும் சார், எல்லா ஊர்லயும் இதே அழுகைதான்" என்று சொல்லிவிட்டாள். நம் தொழிற்சாலையின் கால்பந்து மைதானம் நினைவிருக்கிறதா? ஒரு முறை வந்தபோது பார்த்தாயே. இப்போது அது முழுக்க விற்காத வண்டிகள். கேன்டீனில் டீ ஒரு வேளைதான். சம்பளம் பாதி வந்தது, மீதி "வரும்" என்கிறார்கள்.

நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

லைனில் இருந்து இறங்குகிற வண்டியை ஓட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் முத்திரை போடுவதுதான் என் வேலை. நமக்கு பிரேக் கொடுத்துக்கொண்டிருந்தவர், பாக்கி வராததால் அனுப்புவதை நிறுத்திவிட்டார். வேறு எங்கிருந்தோ மலிவாக வாங்கிப் பொருத்தினார்கள். டேங்கில் சிவப்புக் கோடு போட்ட மாடல், உனக்குக் கடைசியாக வந்த லோடு முழுக்க அதுதான். முன் பிரேக் புதிதில் நன்றாகவே பிடிக்கும். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, சில வாரத்தில் எண்ணெய்க் குழாய் கசிய ஆரம்பிக்கிறது. அப்புறம் லீவரைப் பிடித்தால் கைப்பிடி வரைக்கும் வந்து ஒட்டிக்கொள்ளும். வண்டி நிற்காது.

முத்திரை போட மாட்டேன் என்றேன். என்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். முத்திரை இப்போது வேறொருவர் கையில் இருக்கிறது.

சிவப்புக் கோட்டு வண்டி எதையும் விற்காதே. மாமாவிடம் மட்டும் சொல்.

தம்பி


பிப்ரவரி 2

டேய்,

உன் கடிதம் வர்றதுக்கு முந்தின நாள்தான் ஒரு சிவப்புக் கோட்டு வண்டியை வித்தேன். எத்தனையோ நாளைக்கு அப்புறம் ஒரு வியாபாரம். விடியறதுக்குள்ள கடை கடையா ரொட்டி போடறவர். பின்னாடி பெரிய கூடை கட்டணும்னு சொல்லி, சீட்டைத் தட்டித் தட்டிப் பார்த்து, பொண்டாட்டியை உக்கார வெச்சு ஒரு ரவுண்டு போய் வந்து வாங்கினார்.

கடிதத்தைப் படிச்சதும் அவர் வீட்டைத் தேடிக்கிட்டு ஓடினேன். "ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு, வண்டியைக் கொண்டு வாங்க"ன்னேன். ஒர்க்‌ஷாப்புல பழைய மாடலோட பிரேக் செட் ஒண்ணே ஒண்ணு கிடந்தது. அதை மாட்டிக் கொடுத்தோம். "வித்த அப்புறம் வீடு தேடி வர்ற ஷோரூமை நான் பார்த்ததே இல்லம்மா, நாலு பேருக்குச் சொல்றேன்"னு கும்பிட்டுட்டுப் போறார். நான் உள்ளே போய் உக்காந்து அழுதேன்.

சரி, மத்த வண்டிக்கெல்லாம் நான் பிரேக்குக்கு எங்கே போவேன்? உங்க கம்பெனி பார்ட்ஸ் டிப்போவுக்கு எழுதினா பதிலே இல்லை. வெளியில வாங்கக் கையில காசு கிடையாது. பேங்க்ல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள கட்டலைன்னா வீடு ஏலம். நோட்டீஸை நம்ம வாசல் கதவுலயே ஒட்டினாங்க. பக்கத்து வீட்டம்மா பார்க்காத மாதிரி பார்த்துட்டுப் போனாங்க.

நேத்து ஒரு தரகன் வந்தான். சிவப்புக் கோட்டையும் சேர்த்துக் கொடுத்தா, இருக்கிற வண்டி மொத்தத்தையும் ரொக்கத்துக்கு எடுத்துக்கறேங்கிறான். தூரத்து ஊர்களுக்குக் கொண்டு போயிடுவானாம். வர்ற காசுல கடனைக் கட்டி வீட்டை மீட்டுடலாம். உங்க மாமா முகத்துல ரொம்ப நாளைக்கு அப்புறம் ரத்தம் ஓடுச்சு. பிரேக் விஷயத்தைச் சொன்னேன். "உன் தம்பிக்கு சின்ன வயசுல இருந்தே எல்லாத்துக்கும் பயம். படிக்கட்டுல கூட கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்குவான்"ங்கிறார்.

எனக்கு ஒண்ணே ஒண்ணு எழுது. நீ பார்த்தது எல்லா வண்டியிலயுமா, ஏதோ ஒண்ணு ரெண்டுலயா? உன்னை வேலை மாத்தின கோபத்துல கொஞ்சம் பெருசா எழுதிட்டியா? அப்படி இருந்தா தப்பில்லடா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். "வித்துடு"ன்னு ஒரு வரி போதும். தரகனைக் காத்திருக்கச் சொல்லியிருக்கேன்.

அக்கா


பிப்ரவரி 9

அக்கா,

எழுதி எழுதிக் கிழித்தேன். "விற்றுவிடு" என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன், அதை நீ நம்ப வேண்டும்.

நீ கேட்ட மாதிரி நான் கோபத்தில் பெரிதாக்கினேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நேற்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், சோதனைப் பிரிவில் ஓட்டி ஓட்டிப் பழசான ஒரு சிவப்புக் கோட்டு வண்டியை எடுத்துக்கொண்டு டிராக்குக்குப் போனேன். முதல் தடவை நின்றது. இரண்டாவது தடவையும் நின்றது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? வீட்டுக்குப் போய் உனக்கு என்ன எழுதலாம் என்று மனசுக்குள் வாக்கியம் கூட அமைத்துவிட்டேன். வளைவுக்கு முன்னால் மறுபடி பிடித்தேன். லீவர் வெண்ணெய் மாதிரி உள்ளே போனது. டயர் அடுக்கி வைத்த சுவரில் போய் விழுந்தேன். முழங்கால் சிராய்ப்புதான், பயப்படாதே. அது டயர் சுவர் என்பதால் நான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எல்லா வண்டியும் அப்படி இல்லை. சிலது. எது என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை. அதனால் நான் எப்படி அந்த வரியை எழுத முடியும்?

ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெரிய கம்பெனி ஒன்று எங்களை வாங்க வருகிறது. ஆட்கள் வந்து மெஷின்களை எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள். கையெழுத்து ஆனால் இந்த வண்டிகளைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், சம்பளப் பாக்கியும் வரும். வங்கிக்காரர்களிடம் கொஞ்சம் அவகாசம் கேள். காலில் விழுந்தாவது கேள்.

நான் பணம் அனுப்புகிற நிலையில் இல்லை. அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

தம்பி


பிப்ரவரி 24

தம்பி,

நீ சொன்ன மாதிரியே பேங்குக்குப் போனேன். காலையில இருந்து பெஞ்சுல உக்கார வெச்சாங்க. தண்ணி குடிக்க எழுந்தா நம்ம முறை போயிடுமோன்னு எழுந்துக்கவே இல்லை. கடைசியில மேனேஜர் கூப்பிட்டார். என்ன பேசினேன்னு தெரியல. அந்த மனுஷன் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கிட்டே இருந்துட்டு, "ரெண்டு மாசம் தர்றேம்மா, அதுக்கு மேல என் கையில இல்லை"ன்னார்.

ரெண்டு மாசம்! பஸ்ல வர்றப்போ சின்னப் பொண்ணு மாதிரி ஜன்னல் பக்கம் உக்காந்து வேடிக்கை பார்த்துக்கிட்டு வந்தேன்டா.

ஷோரூம் கதவைத் திறந்தா தரை காலியா இருக்கு. டயர் அச்சு மட்டும் வரிசை வரிசையா இருக்கு. உங்க மாமா நடுவுல நாற்காலி போட்டு உக்காந்திருக்கார். "முடிச்சுட்டேன். பணம் கையில இருக்கு, நாளைக்குக் கடனைக் கட்டினா பத்திரம் வந்துடும்"னார். நான் இந்தப் பக்கம் பஸ் ஏறினதும் அந்தப் பக்கம் தரகனைக் கூப்பிட்டிருக்கார். ஏஜென்சி ரெண்டு பேர் பேர்லயும் இருக்கே, அவர் கையெழுத்தே போதும்.

ரெண்டு மாசம் கொடுத்திருக்காங்கன்னு அவர்கிட்ட சொன்னேன். "எனக்கு வாசல்ல அந்தக் காகிதத்தைப் பார்க்க முடியல"ன்னார்.

உன்கிட்ட மட்டும் சொல்றேன். காலித் தரையைப் பார்த்ததும் எனக்கு முதல்ல வந்தது நிம்மதிதான். வீடு போகாதுன்னு ஒரு மூச்சு விட்டேன். அதுக்கு அப்புறம்தான் பிரேக் ஞாபகம் வந்து தரகனுக்கு போன் போட்டேன். எடுக்கவே இல்லை. தேடிப் போனா, அவன் கொடுத்த விலாசத்துல பல் ஆஸ்பத்திரி இருக்கு.

எங்க கையை விட்டுப் போயிடுச்சு. இனி உன் கையிலதான் இருக்கு. முத்திரை போட மாட்டேன்னு சொன்னவன் நீ. என்ன கோளாறு, ஏன் வந்ததுன்னு எல்லாம் தெரிஞ்சவன் நீ. சர்க்காருக்கு எழுது. பேப்பர்காரங்ககிட்ட சொல்லு. வாங்கினவங்க காதுல விழட்டும்.

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

விற்பதற்கு முன்னால் "பெருசா எழுதிட்டியா"ன்னு கேட்டது நீ. பணம் கைக்கு வந்து பத்திரமும் பெட்டிக்குள் போன பிறகு, "பேப்பர்ல சொல்லு" என்று எனக்கு எழுதுகிறாய். நன்றாக இருக்கிறது.

நான் இப்போது வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? வாங்க வருகிறவர்கள் அடுத்த மாதம் கையெழுத்துப் போடுகிறார்கள். பிரேக் கோளாறு என்று ஒரு வார்த்தை வெளியே போனால், வந்த வழியே திரும்பிவிடுவார்கள். கேட் மூடப்படும். பெயின்ட் ஷாப்பில் என் கூட்டாளி இருக்கிறானே, நம் வீட்டுக்கு ஒரு தடவை வந்திருக்கிறான், குள்ளமாக இருப்பான், ஓயாமல் ஜோக் அடிப்பான். அவன் இப்போது வேலை முடிந்ததும் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான். நேற்று என்னிடம், "கையெழுத்து ஆயிடும்ல? உனக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்லட்டும்?

கையெழுத்து ஆனதும் நானே போய்ச் சொல்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன். அதுவரைக்கும் பேசாமல் இரு. நீ முந்திக்கொண்டு ஏதாவது செய்தால், முதலில் உள்ளே போவது மாமாதான். தெரிந்தே விற்றது அவர். அதையும் கொஞ்சம் நினைச்சுப் பாரு.

ஒரு மாதத்தில் எதுவும் ஆகிவிடாது.


ஏப்ரல் 17

தம்பி,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதல. நீ சொன்ன மாதிரியே வாயை மூடிக்கிட்டேன். உனக்காக இல்லை. மாமா உள்ளே போயிடுவார்னு எழுதினியே, அது உறைச்சுது.

முந்தாநாள் ஷோரூம் நம்பருக்கு போன் வந்தது. மூடிக் கிடக்கிற ஷோரூமுக்கு யார் கூப்பிடறாங்கன்னு எடுத்தேன். போலீஸ் ஸ்டேஷன். "உங்க ஸ்டிக்கர் ஒட்டின வண்டி, பாலத்து இறக்கத்துல நிக்காம போய் லாரி பின்னாடி மோதிடுச்சு, பேப்பரை எடுத்துக்கிட்டு வாங்க"ன்னாங்க. டேங்க்ல என்ன கலர் கோடுன்னு கேட்டேன். சொன்னார். பேப்பரைத் தேடி எடுத்தேன்.

தூரத்து ஊருன்னு சொன்னவன், ஆத்துக்கு அந்தப் பக்கத்துலயே வித்திருக்கான்.

ஓட்டினவர் துணிக் கிடங்குல வேலை பார்க்கிறார். பின்னாடி அவர் பொண்ணு. பள்ளிக்கூடத்துல கடைசிப் பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார். அவருக்குத் தோள்பட்டை உடைஞ்சிருக்கு. அவளுக்கு வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துட்டாங்க.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராண்டாவுல அந்தப் பொண்ணோட அம்மா உக்காந்திருந்தாங்க. பக்கத்துல போய் உக்காந்தேன். நகர்ந்து எனக்கு இடம் விட்டாங்க. "உங்களுக்கு யாரு உள்ளே இருக்கா?"ன்னு கேட்டாங்க.

"யாரும் இல்லை. அந்த வண்டியை வித்தது நாங்கதான்"னேன். "பிரேக் சரியில்லைன்னு தெரிஞ்சுதான் வித்தோம்."

அடிப்பாங்கன்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"எதுக்கு வித்தீங்க?"

"வீடு ஏலத்துக்குப் போயிடும்னு."

"இப்ப வீடு இருக்கா?"

"இருக்கு."

"எத்தனாவது மாடி?"

எனக்குப் புரியல. "மாடி இல்லை, தரை வீடுதான்"னேன்.

"எங்களுது மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது"ன்னு சொன்னாங்க. அப்புறம் சுவர் பக்கம் திரும்பி உக்காந்துட்டாங்க. நான் கூப்பிட்டும் திரும்பல.

வீட்டுக்கு வந்து மாமாகிட்ட ஒண்ணு விடாம சொன்னேன். சட்டையை மாட்டிக்கிட்டு, "ஸ்டேஷனுக்குப் போகலாம், நடந்ததைச் சொல்லிடறேன்"னார். நான் போகச் சொல்லல, அவரா கிளம்பினார். ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர் இல்லை, நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருக்காங்க.

நீ என்ன செய்யணும்னு நான் எழுத மாட்டேன். ஒரு மாசத்துல எதுவும் ஆயிடாதுன்னு எழுதியிருந்தே. ஆயிடுச்சுன்னு சொல்லத்தான் எழுதினேன்.

அக்கா


மே 5

அக்கா,

உன் கடிதத்தைப் பேக்கிங் ஷெட்ல நின்னுக்கிட்டே படிச்சேன். படிச்ச வேகத்துல கேட்டைத் தாண்டி ஓடிப்போய்ச் சொல்லிட்டேன்னு எழுத ஆசையாத்தான் இருக்கு. அப்படி நடக்கல. மறுநாளும் வேலைக்குப் போனேன். அதுக்கு மறுநாளும் போனேன். வண்டிக்கு அட்டை சுத்தினேன், சாப்பிட்டேன், தூங்கக் கூட செஞ்சேன். இந்த வாரம் கையெழுத்து, அந்த வாரம் கையெழுத்துன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

அப்புறம் ஒரு நாள் காலையில ஷூவுக்கு லேஸ் கட்டிக்கிட்டிருந்தேன். என் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னு மாடிப்படியில தடதடன்னு இறங்கினா. தினமும் அப்படித்தான் இறங்குவா, மெதுவா போடின்னு அவ அம்மா கத்துவா. அன்னைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு என்னால எழுந்திருக்கவே முடியல. ஒரு காலுல லேஸ் கட்டாமலே உக்காந்திருந்தேன்.

அன்னைக்குத்தான் போக்குவரத்து ஆபீஸுக்குப் போனேன். எல்லாத்தையும் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். அந்த அதிகாரி நல்ல மனுஷன், மரியாதையாத்தான் பேசினார். எல்லாம் முடிஞ்சதும், "இவ்வளவு தெரிஞ்ச நீங்க இத்தனை நாள் ஏன் சார் வரல?"ன்னார். கோபமா கூட கேக்கல. நான் எழுந்து வந்துட்டேன்.

பேப்பர்ல வந்ததைப் பார்த்திருப்பே. சிவப்புக் கோட்டு வண்டியை யாரும் ஓட்ட வேண்டாம்னு அறிவிப்பு. அது வந்த மறுநாளே வாங்க வந்த கம்பெனி விலகிக்கிச்சு. அந்த வாரத்துலயே கேட்டுக்குச் சங்கிலி போட்டாச்சு. முதலாளி எங்கேன்னு யாருக்கும் தெரியல. சம்பளப் பாக்கி கேட்டு வாசல்ல கூட்டம் நிக்குது. நான் அந்தப் பக்கமே போறதில்லை. ஒரு தடவை போனேன், ஒருத்தன் சட்டையைப் பிடிச்சான், மத்தவங்க விலக்கி விட்டாங்க.

பெயின்ட் ஷாப்புக்காரன் என்னைத் தேடிக்கிட்டு வீட்டுக்கே வந்தான். திட்டுவான்னு நெனச்சேன். வாசல்லயே நின்னான், உள்ளே வரல. "நீ செஞ்சது சரிதான்டா. யாராச்சும் கேட்டா நானும் அதைத்தான் சொல்லுவேன்"னான். "ஆனா இனிமே எங்க வீட்டுப் பக்கம் வந்துடாதே. என் பொண்டாட்டி உன்னைப் பார்த்தா தாங்க மாட்டா"ன்னுட்டுப் போயிட்டான். ஜோக்கே அடிக்கல.

ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா கம்பெனி அப்பவும் மூடியிருக்கும். அந்தப் பொண்ணுக்குக் கால் இருந்திருக்கும். நான் தாமதிச்சதுல யாருக்கும் ஒண்ணும் மிஞ்சல அக்கா. இதை எத்தனை தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் வேற மாதிரி வரமாட்டேங்குது.

மாமா எப்படி இருக்கார்? நான் அங்கே வரலாமா? வேலை தேடி இல்லை. சும்மா உன்னைப் பார்க்கணும் போல இருக்கு.

தம்பி


ஜூன் 22

தம்பி,

மாமா ஜாமீன்ல வந்துட்டார். கேஸ் நடக்கும். தண்டனை கிடைக்கும்னுதான் வக்கீல் சொல்றார். அவர் அதைப் பத்திப் பேசறதே இல்லை. வந்ததுல இருந்து காலையில கிளம்பி ஆத்துக்கு அந்தப் பக்கம் தெருத் தெருவா நடக்கிறார். தரகனைப் பிடிச்சுட்டாங்க, ஆனா யார் யாருக்கு வித்தான்னு அவனுக்கே சரியா ஞாபகம் இல்லையாம். மாமா நடந்து நடந்து சிலதைக் கண்டுபிடிச்சார். பேப்பரைப் பார்த்துட்டு சிலர் அவங்களே கொண்டாந்து விட்டாங்க. மிச்சம் எங்கே ஓடுதோ தெரியல. பேப்பர் படிக்காதவங்க எத்தனை பேர் இருக்காங்க.

வீட்டை அந்தக் குடும்பத்துக்கே எழுதிக் கொடுத்துட்டோம். அவங்க வாடகைக்கு இருந்த மூணாவது மாடிக்கு நாங்க வந்துட்டோம். இதைச் சொல்லத்தான் போன மாசம் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தம்மா முழுசா கேட்டுட்டு, "இது தானமா?"ன்னு கேட்டாங்க.

"இல்லை"ன்னேன்.

"இதுக்காக கேஸை வாபஸ் வாங்க மாட்டோம்."

"வேண்டாம்."

"நன்றியும் சொல்ல மாட்டேன்."

"சொல்லாதீங்க."

"சரி, சாவியைக் கொடுங்க"ன்னு கையை நீட்டினாங்க.

பெருசா ஏதோ செஞ்சுட்டதா நெனச்சுடாதே. எழுதிக் கொடுத்த அன்னைக்கு எனக்கு மனசு லேசாகும்னு எதிர்பார்த்தேன். ஆகல. இங்கே படியேறும்போது மாமாவுக்கு மூச்சு வாங்குது, ஒவ்வொரு மாடியிலயும் நின்னு நின்னு ஏறுறார். அந்தப் பொண்ணு இதுல எத்தனை தடவை ஓடியிருப்பாளோன்னுதான் ஒவ்வொரு தடவையும் தோணுது.

நீ வரலாமான்னு கேட்டிருந்தே. வா. பொண்டாட்டி பிள்ளையையும் கூட்டிட்டு வா. உன்னைப் பார்த்ததும் நான் ஓடி வந்து கட்டிப்பேன்னு சொல்ல முடியாது. ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் இருப்பேன். நீயும் அப்படித்தான் இருப்பே. பரவாயில்லை, வா. ரொட்டிக்காரர் மாமாவைத் தன்னோட காலை வேலைக்கு வரச் சொல்லியிருக்கார். எனக்கு ஒரு ஹார்டுவேர் கடையில பில் போடற வேலை. சாப்பாட்டுக்கு ஒண்ணும் குறைச்சல் இருக்காது.

அவங்க குடி வந்த அன்னைக்குச் சாமானைக் காலி பண்ணிட்டு நாங்க வாசல்ல நின்னுக்கிட்டிருந்தோம். வண்டியில இருந்து இறக்கி, அந்தப் பொண்ணைச் சக்கர நாற்காலியில உக்கார வெச்சாங்க. அவ எங்களைப் பார்த்தா. யாருன்னு அவளுக்குத் தெரியும். முகத்தைத் திருப்பிக்கல, பார்த்துக்கிட்டே இருந்தா. எனக்குத்தான் பார்க்க முடியல. வாசப்படியில சக்கரம் தட்டி நின்னுடுச்சு. அவ அப்பாவுக்கு ஒரு கைதான், இன்னொரு கை கட்டுல தொங்குது. அந்தம்மா ஒரு பக்கம் தூக்கறாங்க, நாற்காலி சாயுது. உங்க மாமா ரெண்டு அடி முன்னாடி போனார். போய்ட்டு, தொடலாமா கூடாதான்னு தெரியாம கையை நீட்டினபடியே நின்னுட்டார்.

அந்தம்மா நிமிர்ந்து பார்த்தாங்க. "சும்மா நிக்கிறீங்களே, அந்தப் பக்கம் பிடிங்க"ன்னாங்க.

பிடிச்சார். சக்கரம் உள்ளே இறங்கினதும் அவங்க கதவைச் சாத்திக்கிட்டாங்க. மாமா அந்த மூடின கதவு முன்னாடியே நின்னுக்கிட்டிருந்தார். நான் கூப்பிடல.

அக்கா